எடை வேலை

ஆகஸ்ட் 4, திங்கள்

இது என் எழுத்து. என் பெயர் கொம்பையா. இத்தனை நாள் யாராவது எழுதிக் கொடுத்தால் அடியில் கைநாட்டு வைப்பேன். இன்று நானே எழுதி, நானே வாசித்து, சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சர்ச் கூடத்தில் நடந்த பெரியவர்கள் வகுப்பு சனிக்கிழமையோடு முடிந்தது. தினமும் நாலு வரி எழுதாவிட்டால் படித்தது பறந்துவிடும் என்று வாத்தியார் சொன்னார். எழுபது வயதுக்கு மேல் பிடித்திருக்கிறேன். பறக்க விடுவேனா.

இன்று தண்ணீர்த் தொட்டி கழுவினேன். கருவாடு வாங்கினேன். கை வலிக்கிறது. கழுவியதால் இல்லை, எழுதியதால்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மச்சானைப் பற்றி எழுதுகிறேன். என் மனைவி சண்முகக்கனியின் அண்ணன். பெயர் ஐகோர்ட்துரை. ஐ என்பது எழுத அழகான எழுத்து. ஆள் அப்படியில்லை.

அடுத்த தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடையை மகனுக்குக் கொடுத்துவிட்டார். கடை நாற்காலியை மட்டும் கொடுக்கவில்லை. காலையில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்.

அவருக்குச் சர்க்கரை. காலில் ஒரு புண் வந்து ரொம்ப நாள் கழித்துத்தான் ஆறியது. இப்போது கால்விரலைத் தொட்டால் அவருக்குத் தெரிவதில்லை. நேற்று டாக்டரிடம் போனோம். மருந்து மட்டும் போதாது, உடம்பு அசைய வேண்டும் என்றார். சர்க்கரை இறங்காமல் இன்னொரு புண் வந்தால் விரலை எடுக்க வேண்டி வரும், விரலோடு நிற்குமா என்றும் சொல்ல முடியாது, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார்.

"ஒரு விரல் போனா என்ன வே மாப்பிள்ள, செருப்பு கொஞ்சம் லூசாகும்" என்றார் மச்சான்.

நான் சிரித்தேன். கனி சிரிக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மூன்றாம் மைல் பக்கம் ஒரு ஜிம் இருக்கிறது. காலையில் பெரியவர்களுக்குத் தனி வகுப்பாம். கனி போய் விசாரித்து வந்து அண்ணனிடம் சொன்னாள். "ஒம் புருசன் வந்தா நானும் வாரேன்" என்று சொல்லிவிட்டார். நான் வரமாட்டேன் என்ற நம்பிக்கையில்தான் சொல்லியிருப்பார்.

எனக்கு நாலைந்து நாளாக இடுப்பு வலி. அதற்காகத்தான் போகிறேன். மச்சானுக்காக இல்லை.

ஜிம் என்று எழுத ஜ வேண்டும். அதை வகுப்பில் கடைசி வாரம்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நல்லவேளை, லீவு போடவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

முதல் நாள். சொல்லிக்கொடுப்பது ஒரு பெண் பிள்ளை. பெயர் பிளெஸ்ஸி. எல்லாரையும் அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிடுகிறது. கழுத்தில் விசில் தொங்குகிறது.

எங்களைத் தவிர ஏழெட்டுப் பேர். அதில் கரண்டாபீசில் இருந்து ஓய்வு பெற்ற ஜேம்ஸ் சாரையும், கல்யாண வீடுகளுக்குச் சமைத்த தங்கபுஷ்பம் அக்காவையும் எனக்கு முன்பே தெரியும்.

சுவரில் பெரிய அட்டை. எல்லாம் இங்கிலீஷ். சென்னையில் இருந்து வந்த அட்டையாம், எல்லாருக்கும் ஒரே பயிற்சிதானாம். நாற்காலியில் உட்காரு, எழுந்திரு. கையை மேலே தூக்கு, இறக்கு. குதிகாலைத் தூக்கு, இறக்கு. ஒவ்வொன்றுக்கும் விசில்.

"எதுக்கு பாப்பா உக்காரச் சொல்லுத, எதுக்கு எந்திரிக்கச் சொல்லுத? ஒண்ணு தீர்மானமாச் சொல்லு" என்றார் மச்சான்.

"தொடைக்கு வலு வரும் அங்கிள்."

"வந்து?"

பிள்ளை விசில் ஊதியது.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று மச்சான் வரவில்லை. மழை என்று சொல்லி அனுப்பினார். வெயில் அடித்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வந்தார். வந்து, உட்காரு என்றதும் உட்கார்ந்தார். எழுந்திரு என்றதற்கு எழுந்திருக்கவில்லை. பாதி பயிற்சியை நன்றாகச் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

வகுப்பில் ஆள் குறைந்துவிட்டது. இன்று நாலு பேர்தான். பிளெஸ்ஸி எங்களை உட்காரவைத்து, ஏன் யாரும் வருவதில்லை என்று கேட்டது. முகம் வாடியிருந்தது. ஜேம்ஸ் சார் மரியாதைக்காரர், வெயில் என்றார். தங்கபுஷ்பம் அக்கா ஆடி முடிந்து கல்யாண சீசன் என்றார். மச்சான்தான் உண்மையைச் சொன்னார்.

"பாப்பா, நீ நல்ல பிள்ள. ஆனா ஒன் வகுப்புக்கு வந்தா ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்கி உக்காந்த மாதிரி இருக்கு. நடுவுல ஒரு வார்த்த பேச முடியுதா? வாயத் தொறந்தா விசில்."

நாளையில் இருந்து வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு விஷயத்தில் உண்மை பேசிவிட்டார் என்றால் அதை விடப் போகிறார் என்று அர்த்தம். சின்ன வயதில் இருந்தே அப்படித்தான்.

கனியிடம் நான் இதைச் சொல்லவில்லை. இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். எந்த இடுப்பு என்று கேட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்று பெரிய நாள்.

மச்சான் வரவில்லை, அது வேறு விஷயம். பிளெஸ்ஸி என்னிடம் வந்து, "அங்கிள், நீங்க தமிழ் எழுதுவீங்களாமே" என்று கேட்டது. அந்தப் பிள்ளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தது. தமிழ் பேசும், எழுத்துக்கூட்டி வாசிக்கும், எழுத வராது. அட்டையில் இருப்பதைத் தமிழில் எழுதி ஒட்டினால் எல்லாருக்கும் பிடிக்கும் என்று நினைத்திருக்கிறது.

என்னிடம் ஒருத்தர் எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார். இதை இன்னொரு தடவை எழுதலாமா என்று தோன்றுகிறது. என்னிடம் ஒருத்தர் எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார்.

வெள்ளை அட்டை, தடிப் பேனா. பக்கத்து ஹாலில் பையன்கள் பாட்டை அலறவிட்டிருந்தார்கள். பிள்ளை என் காது பக்கம் வந்து கத்தியது, நான் எழுதினேன். உட்கார்ந்து எழுந்திருத்தல். கை தூக்கல். குதிகால் தூக்கல். மச்சான் சொன்னதை நினைத்து நடுநடுவே ஒன்று புதிதாகச் சேர்த்தது. "எடவேள போடுங்க அங்கிள், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல எடவேள" என்றது. வெங்காய மண்டியில் மூட்டை தூக்கியவன் நான். எடை தெரியும், வேலை தெரியும். யோசிக்காமல் எழுதிவிட்டேன். கொட்டை எழுத்தில், எல்லா இடத்திலும்: எடை வேலை.

வாசித்துப் பார்க்கப் பிள்ளைக்கு நேரம் இல்லை. அதன் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம், நாகர்கோவிலுக்கு பஸ் ஏற ஓடியது. இரண்டு நாள் அட்டையைப் பார்த்து நீங்களே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

என் எழுத்து சுவரில் இருக்கிறது என்று சொல்லி மச்சானை இழுத்து வந்தேன். கேலி பேச ஆசைப்பட்டு வந்தார். அட்டை முன்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"எழுத்தெல்லாம் மூட்ட தூக்குன மாதிரியே கோணிக்கிட்டு நிக்கி வே."

ஆனால் வாசிக்க முடிந்தது. அதுதானே முக்கியம்.

உட்கார்ந்து எழுந்தோம். அடுத்தது எடை வேலை. அது என்ன வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. இரும்புக் குண்டுகளை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். எடை வேலை என்றால் தூக்கிச் சுமப்பதுதான் என்று நான் சொன்னேன். ஒரு துணிப்பையில் தண்ணீர் பாட்டில், ஜேம்ஸ் சாரின் டிபன் பாக்ஸ், யாருடையதோ ஒற்றை ஷூ எல்லாம் போட்டுச் சுவரில் இருந்து சுவருக்கு நடந்தோம். மச்சான் முறை வந்தது. பையை வாங்கியதும் நின்றார். கையை இரண்டு தடவை மெல்ல அசைத்தார். கடையில் வெல்லம் கொடுக்கும்போது அசைப்பாரே, அந்த மாதிரி.

"ரெண்டே கால் கிலோ" என்றார்.

யாரும் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

மூலையில் எடை பார்க்கும் மெஷின் இருந்தது. ஜேம்ஸ் சார் பையை அதில் வைத்தார். மூன்று கிலோவுக்கு மேல் காட்டியது.

"மெஷின் தப்பு" என்றார் மச்சான்.

"முப்பது வருசமா இந்தக் கையாலயா நிறுத்தீரு?" என்று நான் கேட்டேன்.

"மூணு கிலோ பருப்ப ரெண்டே காலுன்னு குடுத்திருந்தா ஊருக்கு லாபந்தான. அதான் அண்ணாச்சிக்குக் கட இன்னும் மாடி ஏறல" என்றார் தங்கபுஷ்பம் அக்கா. பிறகு பையில் இருந்து ஷூவை எடுத்துவிட்டு, அவரே தூக்கி நடந்து, ஒரு கணக்குச் சொன்னார். மெஷினும் ஏறக்குறைய அதையே சொன்னது.

மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பையைப் பிடுங்கி மறுபடியும் நடந்தார். வேறு சாமான் போடச் சொல்லி நடந்தார். ஒவ்வொரு தடவையும் தப்பு. ஒவ்வொரு தடவையும் மெஷின் தப்பு. சட்டை நனைந்துவிட்டது. வகுப்பு முடிந்ததைக் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

மச்சான் எனக்கு முந்தியே ஜிம்முக்கு வந்து நின்றார். கக்கத்தில் கடைத் தராசு.

"அந்த மெஷினோட லெச்சணத்த இன்னைக்குப் பாத்துருவோம்."

தராசும் மெஷினும் ஒன்றையே சொல்லின. இரண்டும் தப்பு என்றார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பிளெஸ்ஸி வந்துவிட்டது. நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதையும் சண்டை போடுவதையும் வாசலிலேயே நின்று பார்த்தது. பிறகு, "எடவேள எடுக்கலையா அங்கிள்?" என்று கேட்டது.

"அதத்தான எடுக்கோம்" என்றேன்.

"ரெஸ்ட், அங்கிள். உக்காந்து தண்ணி குடிச்சிப் பேசுறது. எடவேள."

முதலில் ஜேம்ஸ் சாருக்கு விளங்கியது. இடைவேளை என்று மெதுவாகச் சொன்னார். சினிமாவில் விளக்குப் போட்டு முறுக்கு விற்பார்களே, அது. இ போட்டு, இடையில் வருகிற வேளை. நான் எ போட்டு, லை போட்டு, எல்லாரையும் சுமக்க வைத்திருக்கிறேன்.

மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து என்னைப் பார்த்தார், மறுபடியும் சிரித்தார். "ஓய்வெடுன்னு எழுதச் சொன்னா மூட்ட தூக்குன்னு எழுதியிருக்கீரே. எமன் ஆபீசுல ஒமக்கு வேல இருக்கு வே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 3, புதன்

இன்று எழுதவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

பேனாவை எடுக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். கனி அதை என் காப்பி டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். எடுத்துவிட்டேன்.

ஜிம் முதலாளி செல்வின் அட்டையைப் பார்த்திருக்கிறார். வயசானவர்கள் விழுந்துவைத்தால் யார் பொறுப்பு, பழைய பயிற்சிதான், ஒரு எழுத்து மாறக்கூடாது என்று சொல்லி என் அட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டார். இங்கிலீஷ் அட்டை திரும்ப வந்தது. விசிலும் வந்தது. இடைவேளையும் உண்டு, முறைப்படி.

மச்சான் வரவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

இன்றும் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் இருந்தார். பாதம் வீங்கின மாதிரி எனக்குத் தோன்றியது. கேட்டேன், இல்லை என்றார்.

"வாரும் மச்சான். இப்ப நடுநடுவுல பேசலாம்."

"எடவேளதான வே. அத நான் வீட்டுலயே எடுத்துக்கிடுதேன்."

 வீட்டுக்கு வந்தேன். கனி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "அண்ணன் என்ன சொன்னாவ?" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றார் என்று சொன்னேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

என் இடுப்பு விஷயமாகப் பிளெஸ்ஸியிடம் பேசப் போனேன். பேச்சு எப்படியோ மச்சான் விரலைப் பற்றிப் போய்விட்டது. டாக்டர் சொன்னதை முழுக்கச் சொல்லிவிட்டேன் போல. என் கண்ணில் தண்ணீர் நின்றது என்று தங்கபுஷ்பம் அக்கா கனியிடம் சொல்லியிருக்கிறார். காலமெல்லாம் வெங்காய மண்டியில் கிடந்தவன் நான். எனக்கெல்லாம் அது வராது.

பிள்ளை கேட்டுக்கொண்டு நேராக முதலாளி அறைக்குப் போனது. கதவு திறந்துதான் இருந்தது.

"சார், சார்ட் சரியாத்தான் இருக்கு. ஆளுதான் வரல. வராத ஆளுக்கு எந்த சார்ட்டும் வேல செய்யாது."

"விழுந்துட்டா?"

"நான் பக்கத்துல நிப்பேன். ஷூ இல்லாம யாரையும் நடக்க விடமாட்டேன். சார்ட்டுல உள்ள ஒண்ணக்கூட விடமாட்டேன். ஆனா எப்படிச் செய்யணும்கிறத எங்கிட்ட விட்ருங்க."

 ஒரு மாதம் பார்க்கிறேன் என்றார் முதலாளி.

வெளியே வந்து என்னிடம், "அங்கிள், ஐகோர்ட் அங்கிள்ட்ட தங்கபுஷ்பம் ஆன்ட்டி ஒரு வார்த்த சொன்னாங்கன்னு போய்ச் சொல்லுங்க" என்றது. என்ன வார்த்தை என்று கேட்டேன். அதை நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்றது.

செப்டம்பர் 13, சனி

"கடக்கார அண்ணாச்சிக்குத் தோத்துப்போற பயம், அதான் வரலன்னு தங்கபுஷ்பம் அக்கா சொல்லுதாவ" என்றேன்.

மச்சான் மருமகளைக் கூப்பிட்டு ஷூ எங்கே என்று கேட்டார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பத்து நாளாக ஒன்றைக் கவனித்து வருகிறேன். இன்றுதான் விளங்கியது.

பிளெஸ்ஸி பைகளை இப்போது தரையில் வைப்பதில்லை. ஒன்று நாற்காலிக்கு முன்னால் தாழ்வான முக்காலியில் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்துதான் அதை எடுக்க வேண்டும், எடுத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். இன்னொன்று உயரத்தில் ஒரு பலகையில். குதிகாலைத் தூக்கினால்தான் எட்டும். எடுத்து, நடந்து, கணக்குச் சொல்லி, மெஷினில் வைத்து, தப்பாக இருந்தால் திட்டிவிட்டு, திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும். உட்கார்ந்து எழுந்திருத்தல், கை தூக்கல், குதிகால் தூக்கல். சுவர் அட்டையில் இருந்த எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை பைக்குள் போட்டுவிட்டது.

மச்சானுக்குப் பை லேசாக இருக்கும். அவர் நடக்கும்போது ஒரு கை தூரத்தில் பிள்ளையும் நடக்கும். தனக்காகத்தான் என்று அவருக்குத் தெரியாது, கூட்டத்தோடு நடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார். ஜேம்ஸ் சாருக்குத் தோளில் வலி என்பதால் அவருக்கு உயரப் பலகை இல்லை, அதற்குப் பதில் கணக்கு எழுதும் வேலை. வராமல் நின்றவர்களில் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து, மாட்டிக்கொண்டார்கள்.

இதெல்லாம் பழைய பயிற்சிதான் என்று மச்சானிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அன்றே நின்றுவிடுவார்.

அக்டோபர் 3, வெள்ளி

என் அட்டை திரும்பச் சுவருக்கு வந்துவிட்டது. முதலாளியே ஒட்டச் சொன்னாராம். இ போட்டுத் திருத்தித் தருகிறேன் என்றேன். கையை ஒடித்துவிடுவேன் என்றார் மச்சான்.

அக்டோபர் 17, வெள்ளி

மச்சான் சரியாகச் சொல்லிவிட்டார். கிராம் பிசகவில்லை. மெஷினை ரிப்பேர் செய்துவிட்டார்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நவம்பர் 6, வியாழன்

டாக்டர்.

மச்சான் ஆட்டோவில் என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். காற்றில் பறக்கிறது என்று பிடித்ததாகப் பிறகு சொன்னார்.

ரத்தச் சீட்டை டாக்டர் பார்த்துத் தலையாட்டினார். சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது, இன்னும் இறங்க வேண்டும் என்றார். பிறகு மச்சானைப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, நைலான் நரம்பு போன்ற ஒன்றை எடுத்தார். பாதத்தில் தொடும்போது தெரிகிறது என்று சொல்ல வேண்டும்.

"தெரியுது" என்றார் மச்சான்.

டாக்டர் இன்னும் தொடவில்லை.

"தெரியுது... தெரியுது."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரை வாசித்தேன். எல்லா எழுத்தையும் வாசித்தேன்.

"அவசரம் இல்ல பெரியவரே. நெசமாத் தெரியும்போது சொல்லுங்க" என்றார் டாக்டர், மெதுவாக.

அதற்குப் பிறகு மச்சான் சத்தம் குறைந்தது. குதிகாலில் தெரிந்தது. நடுப்பாதத்தில் தெரிந்தது. விரல்களில் தெரியவில்லை. புதிதாக எதுவும் போகவில்லை, புண்ணும் இல்லை, விரலை எடுக்கும் பேச்சு இப்போதைக்கு இல்லை என்றார் டாக்டர். இப்படியே விடாமல் செய்ய வேண்டும். தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். அவரால் குனிந்து பார்க்க முடியாது, வேறு யாராவது பார்த்தால் நல்லது.

"யாரு பாக்கப் போறா?" என்று மச்சான் கேட்டார், கேலியாக. 

நவம்பர் 8, சனி

காலையில் ஜிம்முக்குப் போகும் முன் மச்சான் வீட்டுக்குப் போனேன். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டும் என்றேன்.

"சீ, விடும் வே. நீரு எந்தங்கச்சி புருசன். ஒம்ம மடியில நான் கால் வைக்கவா?"

"கல்யாணத்தன்னைக்கு என் காலத் தாம்பாளத்துல வச்சி நீரு கழுவலையா?"

"அது சடங்கு. அதுக்கு நீரு எனக்கு மோதிரம் போட்டீரு. இப்ப நான் என்னத்தப் போட?"

"ஒண்ணும் போடாண்டாம். கால நீட்டும்."

நீட்டினார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் உள்ளங்காலை நான் பார்த்ததில்லை. கனியின் கால் மாதிரியே இருந்தது, பெரிசாக. வாசிக்கிற மாதிரி இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை பார்த்தேன். வெடிப்பு இல்லை. கொப்புளம் இல்லை. பெருவிரலை அழுத்தினேன், அவருக்குத் தெரியவில்லை. பக்கத்து விரலை அழுத்தினேன், தெரியவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுப்பாதத்தில் நகத்தால் ஒரு கோடு இழுத்தேன்.

காலை உதறினார். கண்ணாடி மூக்கில் இருந்து தெறித்து விழுந்தது. மச்சான் என்னை, என் அப்பாவை, மண்டியில் எனக்கு வேலை கொடுத்தவரை, எல்லாரையும் வரிசையாகத் திட்டினார். இங்கே எழுத முடியாத வார்த்தைகள். எழுத்துக்கூட்ட வராததால் இல்லை.

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு கோடு இழுத்தேன்.